இரும்புப் படகில் துரு: பெயின்ட் அடிக்கும் முன்பே நடக்கும் தவறுகள்

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. இரும்பு விசைப்படகைக் கரையேற்றித் துருவைக் கவனிக்க இதைவிட நல்ல சமயம் கிடைக்காது. ஆனால் எஞ்சின் வேலை, வலை வேலை எல்லாம் முடிந்து கடைசி வாரத்தில்தான் பலர் பெயின்ட் டப்பாவைத் திறக்கிறார்கள். அந்த அவசரத்தில்தான் முக்கியமான வேலைகள் விட்டுப்போகின்றன.

முதல் தவறு, உப்பைக் கழுவாமலே சுரண்டத் தொடங்குவது. துருப்பிடித்த தகட்டைக் கிட்டே போய்ப் பாருங்கள், ஊசிமுனை அளவில் குழி குழியாக இருக்கும். கம்பி பிரஷ் மேலே இருக்கும் துருவைத்தான் எடுக்கும், குழிக்குள் இருக்கும் உப்பு அங்கேயே தங்கிவிடும். அதன்மேல் எவ்வளவு விலை கொடுத்து எபாக்சி பெயின்ட் பூசினாலும் உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அப்புறம் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். உடைத்தால் உள்ளே தண்ணீர், அதற்கடியில் கறுத்துப்போன இரும்பு. அதனால் முதலில் நல்ல தண்ணீரைப் பிரஷரில் பீய்ச்சிக் கழுவுங்கள். பிறகு சுரண்டுங்கள், முடிந்தால் மணல் போன்ற துகள்களை வேகமாகப் பீய்ச்சித் துருவை உதிர்க்கும் பிளாஸ்டிங் செய்யுங்கள். திரும்பவும் கழுவிக் காயவிடுங்கள். மறுநாள் காலையில் தகடு திட்டுத்திட்டாகக் கறுத்திருந்தால் உப்பு இன்னும் போகவில்லை என்று அர்த்தம்.

கிரைண்டரால் கண்ணாடி மாதிரி மினுக்குவதும் வேண்டாம். பெயின்ட் பிடித்து நிற்கத் தகடு சொரசொரப்பாக இருக்க வேண்டும். பனி இறங்கும் நேரத்தில் பிரைமர் அடிக்காதீர்கள். பனி படியத் தொடங்கும் வெப்பநிலையைவிடத் தகட்டின் சூடு குறைந்தது 3 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும். கூரான விளிம்புகளில் பெயின்ட் மெலிந்துவிடும். விளிம்பை மழுக்கி, அங்கேயும் வெல்டிங் தையல்களிலும் முதலில் பிரஷால் ஒரு கை தனியாக அடித்துவிடுங்கள்.

படகின் அடியில் பொருத்தும் சிங்க் (துத்தநாக) கட்டையின் மேலும் சிலர் பெயின்ட் பூசிவிடுகிறார்கள். இரும்புக்குப் பதிலாகத் தான் கரைவதற்காகவே அது இருக்கிறது. மூடிவிட்டால் அது கரையாது, அதன் காவலும் படகுக்குக் கிடைக்காது. பாதி கரைந்ததும் மாற்றிவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது படகின் உட்புறம்தான். மீன் அறையிலிருந்து வழியும் ஐஸ் தண்ணீர், சட்டங்களின் மூலையில் தேங்கும் கழிவு, அடைத்துப்போன வடிகால் துளைகள் எல்லாம் சேர்ந்து தகட்டை உள்ளிருந்தே தின்றுவிடும். வெளியே பெயின்ட் பளபளப்பாக இருப்பதால் யாருக்கும் தெரியாது. மூலைகளைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். மந்தமான சத்தம் வரும் இடங்களில் தடிமனை அளக்கச் சொல்லுங்கள். வெளியே ஏதாவது வெல்டிங் வைத்தால் அதற்கு நேர் உள்ளே பெயின்ட் கருகியிருக்கும். அன்றைக்கே உள்ளே இறங்கிச் சுத்தம் செய்து பிரைமர் அடித்துவிடுங்கள்.