புதுக் காருக்கு பிபிஎஃப்: ஒட்டுவதற்கு முன்பே நடக்கும் தவறுகள்

புளியரை சோதனைச்சாவடி தாண்டி எஸ் வளைவில் ஏறும்போது முன்னால் ஒரு டாரஸ் லாரி போனால் பின்னால் வரும் புதுக் காரின் பானெட்டுக்கு என்ன ஆகும் என்று தென்காசி, செங்கோட்டைப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஜல்லியும் எம் சாண்டும் ஏற்றிக்கொண்டு கேரளத்துக்குப் போகும் வண்டிகள் ராத்திரி பகல் பார்ப்பதில்லை. தார்ப்பாய் பேருக்குத்தான் இருக்கும். அதனால் இந்தப் பக்கத்தில் கார் புக் பண்ணும்போதே பலரும் கேட்கிற கேள்வி: “பிபிஎஃப் (பெயிண்டைக் காக்கும் படலம்) ஒட்டலாமா, வேண்டாமா?”

ஒட்டலாமா என்பதை விட எங்கே ஒட்டுவது, யார் கையால் ஒட்டுவது என்பதில்தான் பணம் வீணாகிறது. தொழிலுக்கு வந்த புதிதில் நாங்கள் அடித்த கூத்தையே இப்போது கடை திறக்கும் பையன்களும், அவர்களிடம் காரை விடுபவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள். மழைத் தூறலில் ஒட்டக்கூடாது, தூசியில் ஒட்டக்கூடாது என்பதெல்லாம் யாருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

முதலில் பொருள் என்ன என்று பார்த்துவிடுவோம். பெயிண்ட்மேல் ஒட்டும் நிறமில்லாத பாலியூரித்தேன் படலம் இது. வியட்நாம் போர்க் காலத்தில் ஹெலிகாப்டர் விசிறிகளை மணலும் கல்லும் அரிக்காமல் காக்க வந்தது, பிறகு பந்தயக் கார்களுக்குப் போய், இன்று நம் ஊர் ஹேட்ச்பேக் வரை வந்துவிட்டது. தடிமன் பொதுவாக 150 முதல் 200 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). கம்பெனியிலிருந்து வரும் காரில் பிரைமர், நிறம், அதற்கு மேல் அடிக்கும் நிறமில்லாத கிளியர் கோட் எல்லாம் சேர்ந்தே ஏறக்குறைய 100 முதல் 150 மைக்ரான்தான் இருக்கும். பெயிண்டை விடத் தடிமனான ஒன்று மேலே உட்கார்ந்து கல்லின் அடியை வாங்கிக்கொள்கிறது. அதன் வேலை அவ்வளவுதான்.

காரின் விலையை வைத்து முடிவெடுப்பது

“இருபது லட்சம் போட்டு எடுத்திருக்கேன், ஒரு லட்சம் போட்டு ஒட்ட மாட்டேனா?” என்று கேட்பார்கள். கல்லுக்குக் காரின் விலை தெரியாது. வண்டி ஓடும் சாலையைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

பாவூர்சத்திரம் சந்தைக்கு விடியற்காலையில் காய்கறி எடுக்கப் புனலூரிலிருந்து வரும் வியாபாரி ஒருவர் இருக்கிறார். ஆரியங்காவு, கோட்டைவாசல், புளியரை என்று வாரத்தில் பாதி நாள் லாரிகளுக்கு நடுவேதான் ஓட்டம். கார் பெரிய விலை இல்லை. ஆனால் அவருக்கு முன்பக்கப் படலம் கட்டாயம் தேவை. அதே தென்காசியில் வீட்டிலிருந்து கிளினிக், கிளினிக்கிலிருந்து வீடு என்று ஓட்டும் டாக்டர் ஒருவர் சொகுசுக் கார் வைத்திருக்கிறார். அவரிடம் வேண்டாம் என்றேன். கோபித்துக்கொண்டு வேறு இடத்தில் ஒட்டிக்கொண்டார்.

இன்னொன்று, கல் படுவது எங்கே? முன் பம்பர், பானெட், ஹெட்லைட், சைடு மிரரின் முன்புறம், முன் கண்ணாடியின் இரு பக்கத் தூணான ஏ பில்லர், முன் ஃபெண்டர், முன் சக்கரம் வாரி அடிக்கும் கதவின் அடிப்பகுதி. இவற்றோடு கதவுக் கைப்பிடிக்குள் நகம் படும் குழியையும் சேர்த்துக்கொள்ளலாம். கூரைக்குக் கல் எங்கிருந்து வரும்? குற்றாலத்தில் குரங்கு ஏறும் என்பார்கள். குரங்கு நகத்துக்காக முழுக் காரையும் மூட வேண்டுமா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கணக்கும் போட்டுப் பாருங்கள். ரோல் 1.52 மீட்டர் அகலம், 15 மீட்டர் நீளத்தில் வருகிறது. ஒரு செடானை முழுதாக மூடினால் ஏறக்குறைய ஒரு ரோல் காலியாகும். முன்பக்கம் மட்டும் என்றால் அதில் ஒரு பங்குதான், கூலியும் குறையும். மறுபக்கம், பம்பரை ஒருமுறை பெயிண்ட் அடிக்கச் சில ஆயிரம்தான் ஆகும். அதற்கு இன்சூரன்ஸ் கிளைம் போட்டால் நோ கிளெய்ம் போனஸ் போய்விடும். முதல் வருடத்துக்கு 20 சதவீதத்தில் தொடங்கி ஐந்து வருடத்தில் 50 வரை ஏறுகிற தள்ளுபடி அது. இரண்டு மூன்று வருடத்தில் காரை மாற்றும் பழக்கம் உள்ளவர் பெயிண்ட் செலவோடு நிறுத்திக்கொள்ளலாம். ஏழெட்டு வருடம் வைத்து, கணவாய்ச் சாலையில் ஓட்டுபவருக்கு முன்பக்கப் படலம் காசுக்குத் தகும். முழுக் கார் என்பது ஆசைக்குச் செய்வது. ஆசை தப்பில்லை, அதை லாபக் கணக்கில் எழுத வேண்டாம்.

டெலிவரி அன்றே, ஷோரூமிலேயே ஒட்டிக்கொள்வது

எனக்கு இன்றும் எரிச்சல் அடங்காத விஷயம் இது.

செங்கோட்டையில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் ஒரு அண்ணாச்சி கறுப்பு எஸ்யூவி எடுத்தார். ஷோரூமில் பேசும்போதே, “பிபிஎஃப் போட்டே டெலிவரி தந்துடுறோம் அண்ணாச்சி, லோன்லயே சேர்த்துக்கலாம், கையில காசு எடுக்க வேண்டாம்” என்றிருக்கிறார்கள். நல்ல நாள் பார்த்துச் சாவி வாங்கிப் பூசை போட்டாயிற்று. இரண்டு கோடை போன பிறகு என்னிடம் வந்தார். ஓரங்களில் படலம் சுருண்டு தூசி அப்பிக் கறுப்புக் கோடாக நின்றது. வெயிலில் நிறுத்திப் பார்த்தால் பானெட் முழுக்கப் புகை படிந்த மாதிரி மங்கல். “இதை எடுத்துட்டுப் புதுசு போட்டுருங்க” என்றார், சட்டை மாற்றுவதுபோல.

நீராவி வைத்து எடுக்கத் தொடங்கினோம். நல்ல படலம் சூடு பட்டால் ஒரே துண்டாக வரும். இது கை அகலத் துண்டுகளாகப் பிய்ந்து, பசையைப் பெயிண்டிலேயே விட்டுவிட்டு வந்தது. பசையைச் சுத்தம் செய்த பிறகுதான் அடியில் இருந்த சங்கதி தெரிந்தது. பானெட்டின் ஓரம் முழுக்க, கம்பெனி சின்னத்தைச் சுற்றி, ஹெட்லைட் வளைவு நெடுக பிளேடு ஓடிய கோடுகள். கார்மேலேயே படலத்தை விரித்து வெட்டியிருக்கிறார்கள். சில இடங்களில் கோடு தகரம் வரை போயிருந்தது. சாரல் காற்று மாதக்கணக்கில் வீசும் ஊர் இது. அந்தக் கோட்டில் துரு பிடிக்கத் தொடங்கியிருந்தது. கல்லிலிருந்து காப்பாற்றப் போட்ட படலமே அந்தக் காரின் முதல் காயத்தை உண்டாக்கியிருக்கிறது.

அதோடு முடியவில்லை. இடது முன் ஃபெண்டரில் படலத்தோடு சேர்ந்து கிளியர் கோட்டும் உரிந்து வந்தது. புதுக் காருக்கு அப்படி நடக்காது. கம்பெனி பெயிண்ட் 140 டிகிரி சூட்டை ஒட்டி வேகவைத்து இறுகியது, அவ்வளவு லேசில் பிரியாது. வண்டி கன்டெய்னரில் வரும்போதோ யார்டில் நிற்கும்போதோ எங்கோ இடித்து, டெலிவரிக்கு முன் அந்த ஒரு பேனலை மட்டும் வெளியில் பெயிண்ட் அடித்திருக்க வேண்டும். மேலே படலம் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. கேட்கப் போனால் விற்ற பையன் வேறு இடத்துக்குப் போய்விட்டான். வாரண்டி அட்டையில் “5 வருடம்” என்று அச்சடித்திருந்தது, ரோல் எண் எழுத வேண்டிய இடம் காலி.

இந்த ஒரு காரிலேயே எல்லாத் தவறும் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பிரிக்கிறேன்.

எந்த ரோல் என்று தெரியாமல் வாங்கியது முதல் கோளாறு. சந்தையில் மூன்று வகை உண்டு. டிபியு என்பதுதான் சரியான பாலியூரித்தேன் படலம். பிவிசி மலிவான பிளாஸ்டிக். டிபிஎச் என்று விற்பது பிவிசியை மென்மையாக்கிய சரக்கு. புதிதாக இருக்கும்போது டிபியு போலவே வளையும், அந்த மென்மை போகப் போக விறைக்கும். டிபியுவிலும் அரோமேட்டிக் வகை வெயிலில் மஞ்சளாகும், அலிஃபாட்டிக் வகை தாங்கும். ஒரு துண்டு கேட்டு வாங்கி இழுத்துப் பாருங்கள். டிபியு ரப்பர் மாதிரி நீண்டு மெல்லத் திரும்பும். பிவிசி இழுத்த இடத்தில் வெளுத்து நீண்டபடியே நிற்கும். முழுக் காருக்கு முப்பதாயிரம், முப்பத்தைந்தாயிரம் என்று யாராவது சொன்னால், ஒரு ரோல் முழுசும் போகிற வேலைக்கு அது எப்படிக் கட்டுப்படியாகும் என்று நேராகவே கேளுங்கள்.

அவசரம் இரண்டாவது. முழுக் காரை ஒழுங்காக ஒட்ட இரண்டு மூன்று நாளாவது வேண்டும். கழுவி, பெயிண்டில் ஒட்டிய அழுக்கை எடுக்கும் களிமண் கட்டியால் தேய்த்து, ஓரத்து அழுக்கை எடுத்து, பிறகுதான் ரோலைத் தொட வேண்டும். டெலிவரிக்கு முந்தின ராத்திரி ரெண்டு பையன்கள் உட்கார்ந்து முடிக்கிற வேலை இல்லை இது. காரின் அளவுக்குக் கம்ப்யூட்டரில் வெட்டித் தரும் பிளாட்டர் மிஷின் வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். இல்லை என்றால் பிளேடு உங்கள் பெயிண்ட்மேல்தான் ஓடும். கைதேர்ந்தவர்கள் பிளேடுக்குப் பதில் படலத்துக்கு அடியில் நூல் வைத்த நாடாவை ஒட்டி, அந்த நூலை இழுத்து அறுப்பார்கள், அது வேறு கதை.

மூன்றாவது, பெயிண்டைப் பார்க்காமல் மூடியது. தடிமன் அளக்கும் கருவி ஒன்று எந்த நல்ல டீடெய்லிங் கடையிலும் இருக்கும். ஒவ்வொரு பேனலிலும் வைத்தால் எண் சொல்லும். எல்லாம் 110, 120 என்று வந்து ஒரு கதவு மட்டும் 230 காட்டினால் அந்தக் கதவில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். சாதாரணக் கருவி தகரத்தில்தான் வேலை செய்யும், பிளாஸ்டிக் பம்பரில் செய்யாது. அங்கே வெளிச்சம் பிடித்துக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். பதிவு எண் விழும் முன்பே இதைச் செய்தால் சண்டை போட உங்களிடம் பிடி இருக்கும். படலம் ஒட்டியபின் என்ன பேச முடியும்?

கடைசியாகக் கடன். 80,000 ரூபாயை 9 சதவீத வட்டியில் 7 வருடக் கார் லோனில் சேர்த்தால் மாதம் சுமார் 1,287 ரூபாய். முடிக்கும்போது 1,08,000-க்கு மேல் கட்டியிருப்பீர்கள். ஐந்து வருட வாரண்டி உள்ள படலத்துக்கு ஏழு வருடத் தவணை. அந்த அண்ணாச்சி, பிய்த்துக் குப்பையில் போட்ட படலத்துக்கு இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறார்.

காரை வெறும் பெயிண்டோடு டெலிவரி எடுங்கள். ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். பிறகு கடை பாருங்கள். அந்த ஒரு வாரம் டாரஸ் பின்னால் ஒட்டிப் போகாமல் நூறடி தள்ளிப் போனால் போதும், அதற்குக் காசு இல்லை.

வயர் பிரஷ் வித்தையைப் பார்த்து மயங்குவது

கடைக்காரர் பித்தளை பிரஷ்ஷால் படலத்தைக் கீறுவார், சுடுதண்ணீர் ஊற்றுவார், கீறல் மறையும். கண்கட்டு இல்லை, உண்மைதான். மேல்பூச்சில் விழும் மெல்லிய கீறல் சூட்டில் இளகி மூடிக்கொள்ளும். நம்ம ஊர் சித்திரை வெயிலே அதற்குப் போதும். ஆனால் கூர்மையான கல் குத்திக் கிழித்த படலம் மூடாது. சாவியால் ஆழமாகக் கோடு போட்டால் அதுவும் மூடாது. வாரண்டியும் பெரும்பாலும் மஞ்சளாவது, வெடிப்பது, உரிவது இவற்றுக்குத்தான். கல்லடிக்கும் விபத்துக்கும் கிடையாது. பாலிசியில் தனியாகச் சேர்க்காவிட்டால் இன்சூரன்ஸ்காரர்களிடமும் படலத்துக்குக் காசு எதிர்பார்க்க வேண்டாம்.

“வெள்ளைக் கார்தானே, மஞ்சள் தெரியாது”

வெள்ளையில்தான் முதலில் தெரியும்.

“விற்கும்போது விலை ஏறும்”

ஏறாது.

செராமிக் போட்டால் கல் தாங்கும் என்று நினைப்பது

செராமிக் கோட்டிங் என்பது பெயிண்ட்மேல் பூசும் திரவம், காய்ந்தால் ஓரிரு மைக்ரான்தான். தண்ணீர் உருண்டு ஓடும், பளபளப்பு நிற்கும், கழுவ லேசாக இருக்கும். கல் வந்தால் அதுவும் பெயிண்டும் சேர்ந்து போகும். கல் பயம் இல்லாத டாக்டர் மாதிரி ஆட்களுக்கு செராமிக்கே போதும். நான் சொன்னதும் அதுதான், கேட்கவில்லை. படலமோ செராமிக்கோ, போர் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்டால் உப்புப் பொட்டு விழத்தான் செய்யும். காக்கை எச்சத்தையும் ஊறவிடக் கூடாது.

ரீபெயிண்ட் செய்த பேனலில் உடனே ஒட்டுவது

பட்டறையில் அடித்த பெயிண்டிலிருந்து கரைப்பான் ஆவி வெளியேற வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் மூடினால் அடியில் கொப்புளம் வரும், எடுக்கும்போது பெயிண்டும் வரும். ஒரு மாதமாவது விடுங்கள்.

ஒட்டிய மறுநாள் வாட்டர் சர்வீஸ்

ஒரு வாரம் வேண்டாம். உள்ளே தெரியும் சின்ன நீர்க்குமிழிகள் தானாக வற்றும், ஊசி வைத்துக் குத்த வேண்டாம். பிறகும் பிரஷர் கன்னை ஓரத்துக்கு நேராகப் பிடிக்கச் சொல்லாதீர்கள்.

கழற்றும் கூலியைக் கேட்காமல் விடுவது

எந்தப் படலமும் ஒருநாள் கழற்ற வேண்டியதுதான். ஒட்டும்போது யாரும் அதைப் பேசுவதில்லை. பில் போடும்போதே ரோல் எண்ணையும் கழற்றும் கூலியையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாரண்டிக் காலம் முடியும் வருடத்தில் ஒரு மூலையைச் சூடாக்கித் தூக்கிப் பாருங்கள். மெத்தென்று நீண்டு வந்தால் இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும். விறைத்துப் பிய்ந்தால் உடனே ஆள் பார்த்து நீராவி வைத்து எடுத்துவிடுங்கள். பெயிண்டை ஒட்டித் தாழ்வாக, மெதுவாக இழுக்க வேண்டும். பசை மிச்சம் நின்றால் அதற்கென்று திரவம் இருக்கிறது, பிளேடு வைத்துச் சுரண்டும் கடையாக இருந்தால் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.