மர வில்: காயாத கட்டையும் வேறு சில தவறுகளும்

வில் செய்யப் பழகுபவர்கள் கொண்டுவந்து காட்டும் கட்டைகளைப் பார்க்கும்போது, என் பழைய பிழைகளையே வேறு கைகள் மறுபடி செதுக்கியிருப்பதாகத் தோன்றுகிறது. மழுங்கிய உளி, கோணலாக வெட்டிய நாண் பள்ளம் போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை பழகப் பழகத் தாமாகவே திருந்திவிடும்.

ஈரக் கட்டையை வளைப்பது

இன்றுவரை எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். வில் வளையும்போது இலக்கை நோக்கிய முதுகுப்புறம் இழுபடுகிறது, எய்பவரை நோக்கிய வயிற்றுப்புறம் நசுங்குகிறது. நாரின் போக்கில் இழுவையைத் தாங்கும் அளவுக்கு மரம் நசுக்கலைத் தாங்குவதில்லை. ஈரம் இருந்தால் அந்தத் திறனும் வெகுவாகக் குறைகிறது. பச்சை மரத்தின் நசுக்கல் வலிமை, 12 சதவீத ஈரப்பதத்துக்கு உலர்ந்த அதே மரத்தினுடையதில் ஏறத்தாழப் பாதிதான். ஆகவே ஈரக் கட்டை உடையாமல், செய்பவர் மகிழும்படி இணக்கமாக வளைந்து கொடுக்கிறது. உள்ளே நார்கள் நசுங்கிக்கொண்டிருப்பது, நாணைக் கழற்றியும் வில் கூனியே நிற்கும்போதுதான் தெரியவருகிறது.

என் இரண்டாவது வில்லில், மேற்பரப்பைத் தடவிப் பார்த்தே காய்ந்துவிட்டது என்று முடிவு செய்தேன். நாணைக் கழற்றியபோது நான்கு விரற்கடை கூன் விழுந்திருந்தது. மீண்டும் உலர்த்தினால் சரியாகும் என்று மாதக்கணக்கில் காத்திருந்ததை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது, ஏனெனில் நசுங்கிய நார் உலர்வதால் நிமிர்வதில்லை.

கட்டையை முதலில் வில்லின் வடிவத்துக்குச் சற்றுப் பருமனாகச் செதுக்கி, முனைகளில் மெழுகு பூசி, வாரந்தோறும் எடை பாருங்கள். எடை குறைவது நின்றால் கட்டை அறைக் காற்றின் ஈரத்தோடு சமநிலைக்கு வந்துவிட்டது என்று மட்டுமே பொருள். காற்றே ஈரமாக இருந்தால் அதுவும் போதாது. 8 முதல் 10 சதவீத ஈரப்பதமே நாம் தேடுவது. அதற்கும் வெகுவாகக் கீழே போனால் மரம் நொறுங்கும் இயல்பைப் பெற்றுவிடும்.

தடிமனையும் அகலத்தையும் ஒன்றாக எண்ணுவது

விறைப்பு அகலத்துக்கு நேர்விகிதத்திலும், தடிமனுக்கு முப்படி விகிதத்திலும் மாறுகிறது. தடிமனில் 10 சதவீதத்தைச் சீவினால் விறைப்பில் 27 சதவீதம் போய்விடுகிறது. இழுபலம், அதாவது நாணை முழுவதும் இழுக்கத் தேவையான விசை, சற்று அதிகமாக இருந்தால் பக்கங்களில் கை வையுங்கள்.

முதுகில் ஆண்டு வளையத்தை அறுப்பது

கூடாது. அறுபட்ட நாரிலிருந்துதான் சிம்பு கிளம்பும்.

சீராக வளையும் முன்பே முழுமையாக இழுத்துப் பார்ப்பது

பிடிக்கு இருபுறமும் உள்ள வளையும் பகுதிகளே வில்லின் கைகள். ஒரு கை விறைப்பாகவும் மறு கை நெகிழ்வாகவும் இருக்கும் வில்லில் வளைவின் பெரும்பகுதி நெகிழ்ந்த கையின் மீதே விழுகிறது. விறைத்த இடத்தைச் சீவி முடிக்கும்வரை நாணை மேலும் ஒரு விரற்கடைகூட இழுக்காதீர்கள்.