முட்டையும் பாலும் சேராத மஞ்சள் பூசணி பை

அமெரிக்காவில் நன்றி நவிலும் நாளன்று பரிமாறப்படும் பூசணி பை (pie), மாவு ஓட்டில் பூரணம் நிரப்பிச் சுடும் இனிப்பு. அதில் பூரணத்தை இறுக வைப்பது முட்டை. செறிவைத் தருவது சுண்டக் காய்ச்சிய பால். முட்டைக்கு ஈடாகக் கார்ன்ஃப்ளோர் மாவும், பாலுக்கு ஈடாகக் கெட்டியான முதல் தேங்காய்ப்பாலும் நன்றாகவே பொருந்துகின்றன. 425 கிராம் பூசணி விழுதுக்கு ஒரு கோப்பை தேங்காய்ப்பால், முக்கால் கோப்பை நாட்டுச் சர்க்கரை, 3 மேசைக்கரண்டி மாவு என எடுத்துக்கொண்டு, மாவை முதலில் சிறிது குளிர்ந்த தேங்காய்ப்பாலில் கட்டியில்லாமல் கரைத்த பிறகே விழுதுடனும், பட்டை, சுக்கு, கிராம்பு, சாதிக்காய்ப் பொடிகளுடனும் கலக்க வேண்டும். பூரணத்தை ஊற்றும் ஓட்டுக்கான மாவில் வெண்ணெய்க்குப் பதில் உறைந்த தேங்காய் எண்ணெயைச் சேர்க்கலாம். 175 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் சுட்டதும் நடுப்பகுதி சற்றே தளும்பினால் தயவுசெய்து மேலும் சுடாதீர்கள். மாவுச்சத்து ஆறும்போதுதான் முழுமையாக இறுகும் என்பதால், நன்கு ஆறவிட்டு, இரவு முழுவதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்து மறுநாள் வெட்டுங்கள்.