பஜ்ஜி போடாத பொங்கல் சாயங்காலம்

மாட்டுப் பொங்கலன்று எங்கள் பாளையங்கோட்டை வீட்டில் 22 பேர் கூடுவோம். என் தங்கைகள் இரண்டு பேர் குடும்பம், கொழுந்தன் குடும்பம், என் மகள்கள், பேரன் பேத்திகள், எல்லாருக்கும் மூத்தவராக என் மாமியார். மதியம் இலை போட்டு வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஆளுக்கொரு மூலையில் படுப்பார்கள். நாலரை மணிக்கு ஒவ்வொருவராக எழுந்து அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்ப்பார்கள். "வாயில போட ஏதாவது இருக்கா?" இரவுச் சாப்பாட்டுக்கு ஒன்பது மணி ஆகும். அதுவரை சும்மா விட்டால் பிள்ளைகள் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துவிடும்.

2019 பொங்கலுக்கு பஜ்ஜி போட்டேன். வாழைக்காயில் ஒரு வகை, வெங்காயத்தில் ஒரு வகை. ஒரு ஈடு எடுத்து அனுப்பினால் அடுத்த ஈடு வேகும் முன் தட்டு காலியாகத் திரும்பி வரும். ஹாலில் சிரிப்புச் சத்தம் கேட்கும், என்ன விஷயம் என்று தெரியாது. இரண்டு மணி நேரம் அடுப்படியில் நின்றேன். கடைசி ஈட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தால் சின்னத் தங்கை வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கிறாள், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதாம். வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறவள். அன்று முழுக்க அவளிடம் நான் பேசியது, "இன்னும் ரெண்டு போடவா?"

அதற்குப் பிறகு பொங்கல் சாயங்காலத்துக்கு பஜ்ஜி கிடையாது. கட்லெட், சமோசா, பணியாரம் எதுவும் கிடையாது. பணியாரம் ருசிதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஏழு குழிச் சட்டியை வைத்துக்கொண்டு 22 பேருக்கு ஊற்றுகிறவள் அன்றைக்கு விருந்தில் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். ஆறு மணிக்குள் அடுப்பை அணைத்துவிட்டு நானும் போய் உட்கார முடிகிற பண்டம் மட்டும்தான் இப்போது எங்கள் வீட்டில். சூடாக ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் முன்னாலேயே முடிந்திருக்கும், இல்லையென்றால் சாப்பிடுகிறவர்களே கையால் செய்துகொள்வார்கள்.

கூட்டுறவுப் பண்டகசாலையில் கணக்கு எழுதிய பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் எத்தனை தலை, எவ்வளவு வாங்கினேன், எவ்வளவு மிஞ்சியது என்று டைரியின் கடைசிப் பக்கத்தில் குறித்துவைப்பேன். இதில் வருகிற அளவெல்லாம் அந்தப் பக்கத்திலிருந்து எடுத்ததுதான். உங்கள் வீட்டில் 11 பேர் என்றால் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

முதலில் தட்டுவடை செட். இது எங்கள் ஊர்ப் பண்டம் இல்லை, சேலத்துப் பண்டம். மூத்த மகளை அங்கே கட்டிக்கொடுத்த பிறகுதான் எனக்கே தெரியும். ராத்திரியில் தள்ளுவண்டியைச் சுற்றி நின்றுகொண்டு "ஒரு செட்டு" என்று கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள். ஒரு சின்னத் தட்டையின் மேல் சட்னி, அதன் மேல் பொடியாக நறுக்கிய வெங்காயம், துருவிய கேரட், பீட்ரூட், மேலே மூடி போல இன்னொரு தட்டை. அவ்வளவுதான். அதையே நொறுக்கிப் போட்டு, சட்னி கலந்து தந்தால் நொறுக்கல்.

திருநெல்வேலிப் பக்கம் கிடைக்கிற தட்டை பெரும்பாலும் உள்ளங்கை அகலம் இருக்கும். அது ஆகாது, கடித்தால் பாதி சட்டையில் விழும். இரண்டு வாயில் முடிகிற அளவுக்குச் சின்னதாகக் கேட்டு வாங்குங்கள். தலைக்கு இரண்டு செட் என்றால் 88 தட்டை. உடைசலுக்கும் சேர்த்து 100 வாங்குகிறேன். தட்டையை வீட்டில் சுடவேண்டும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

பச்சைச் சட்னிக்கு ஒரு கட்டு மல்லித்தழை, அதில் பாதி புதினா, 4 பச்சை மிளகாய், சின்னத் துண்டு இஞ்சி, உப்பு, அரை எலுமிச்சம்பழச் சாறு. கூடவே இரண்டு ஸ்பூன் பொட்டுக்கடலை போட்டுக் கெட்டியாக அரையுங்கள். பொட்டுக்கடலை ருசிக்காக அல்ல, சட்னி தண்ணீர் பிரியாமல் இருப்பதற்கு. சிவப்புச் சட்னிக்கு 10 காய்ந்த மிளகாயை வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து 8 பல் பூண்டு, ஒரு தக்காளி, உப்பு சேர்த்து அரைக்க வேண்டும். இரண்டையும் முதல் நாள் ராத்திரியே அரைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம். பீட்ரூட், கேரட் துருவலை மட்டும் அன்றைக்குச் சாயங்காலம் துருவி, கையால் லேசாகப் பிழிந்துவிடுங்கள்.

முதல் வருஷம் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். பார்க்க அழகாக இருக்குமே என்று ஐந்து மணிக்கே 44 செட்டையும் அடுக்கிவைத்தேன். ஆறு மணிக்கு எடுத்துக் கடித்தால் மொறுமொறுப்பு எங்கே போனது என்றே தெரியவில்லை, ஈரத்தில் ஊறிய அட்டை மாதிரி இருந்தது. அடுக்கிய ஐந்து நிமிஷத்துக்குள் வாய்க்குப் போய்விட வேண்டும். அதனால் இப்போது நான் அடுக்குவதே இல்லை. ஒரு பெரிய தாம்பாளத்தில் தட்டை, சுற்றிக் கிண்ணங்களில் சட்னியும் துருவலும், நறுக்கிய எலுமிச்சை. ஹாலில் கொண்டுபோய் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். கொழுந்தன்தான் கடைக்காரர். சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, "யாருக்குக் காரம், யாருக்குப் பாதிக் காரம்?" என்று கூவுவார். பேத்தி வரிசையில் நின்று, "தாத்தா, எனக்குச் சிவப்பு வேண்டாம், பச்சை மட்டும்" என்பாள். அடுக்களையில் எனக்கு வேலையே இல்லை.

அடுத்தது உரித்துத் தின்கிற சாமான். தை மாதம் இதற்கென்றே வந்த மாதம். பச்சைத் துவரங்காய், பனங்கிழங்கு, மொச்சை எல்லாம் ஒரே நேரத்தில் மகாராஜநகர் உழவர் சந்தையில் குவிந்து கிடக்கும். துவரங்காயைத் தோலோடு இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, அது முங்குகிற அளவு தண்ணீரில் கல்லுப்பு கொஞ்சம் தாராளமாகப் போட்டு 20 நிமிஷம் வேகவைத்து வடித்தால் வேலை முடிந்தது. உப்பு தோலைத் தாண்டி உள்ளே போக வேண்டும், அதனால் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தால் கரிக்கவேண்டும். உரித்துக்கொண்டே பேசலாம், பேசிக்கொண்டே உரிக்கலாம். கைக்கு வேலை இருந்தால் போனைத் தேடாது. பக்கத்தில் தோல் போட ஒரு காலிச் சருவம் வைக்க மறக்காதீர்கள். ஒரு வருஷம் மறந்தேன், மாசி பிறந்த பிறகும் சோபா இடுக்கிலிருந்து துவரைத் தோல் வந்துகொண்டிருந்தது.

பனங்கிழங்கைக் கட்டாக விற்பார்கள், 25 எண்ணம் இருக்கும். ஒடித்தால் படக்கென்று ஒடிகிற கிழங்காகப் பார்த்து வாங்குங்கள், வளைகிறது வாடியது. மேல் தோலை உரித்து, தலையும் வாலும் நறுக்கி, மஞ்சள்தூளும் உப்பும் போட்டுப் பெரிய குண்டானில் முக்கால் மணி நேரம் வேகவைக்கிறேன். அவசரமென்றால் குக்கரில் ஆறு விசில். எங்கள் தலைமுறைக்கு அப்படியே கையில் கொடுத்தால் போதும். இரண்டாகப் பிளந்து, நடுக்குருத்தை எடுத்துவிட்டு, நாரை உரித்து உரித்துத் தின்போம். சின்னப் பிள்ளைகள் நாரைப் பார்த்ததும் முகத்தைச் சுளிக்கும்.

அவர்களுக்கு இடித்த பனங்கிழங்கு. வெந்த கிழங்கில் 10 எண்ணம் எடுத்து, நார் போக உரித்து, சின்னத் துண்டாக நறுக்கி மிக்ஸியில் விட்டு விட்டுச் சுற்றுங்கள். ஒரேயடியாக ஓட்டினால் பசையாகிவிடும். உதிரியானதும் 4 பச்சை மிளகாய், 6 பல் பூண்டு, அரை ஸ்பூன் சீரகம், அரை ஸ்பூன் மிளகு, ஒரு கைப்பிடி தேங்காய்த்துருவல், உப்பு சேர்த்து இன்னும் இரண்டு சுற்று. சொட்டுத் தண்ணீர் விடக்கூடாது. கையில் அள்ளி அழுத்தினால் தானாகப் பிடிபடும், எலுமிச்சை அளவு உருண்டையாகப் பிடித்து வைத்துவிடலாம். தேங்காய் சேர்ப்பதால் இதை மட்டும் மூன்று மணிக்கு மேல் செய்யுங்கள், காலையிலேயே செய்தால் ராத்திரிக்குள் வாடை வந்துவிடும். மிளகாய் போடாமல் கருப்பட்டித் தூளும் தேங்காயும் போட்டு நாலு உருண்டை தனியாகப் பிடித்தால் சின்னவர்களுக்கு ஆகும்.

என் மாமியாருக்குப் பல் இல்லை. தட்டையும் கிழங்கும் அவருக்கு ஆகாது. ஒவ்வொரு கூட்டத்திலும் இப்படி ஒருவர் ஓரமாக உட்கார்ந்து மற்றவர்கள் தின்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார், அவரை யோசிக்காமல் பண்டம் முடிவு செய்யக்கூடாது. அவருக்காகத் தொடங்கியதுதான் பொடி போட்ட மினி இட்லி. இப்போது அதுதான் முதலில் காலியாகிறது.

மாவு பண்டிகை வீட்டில் எப்படியும் இருக்கும். என்னிடம் இருக்கிற மினி இட்லித் தட்டில் 18 குழி. மூன்று தட்டு, இரண்டு ஈடு, 108 இட்லி. மதியச் சாப்பாடு முடிந்த கையோடு ஊற்றிவிடுவேன். இறக்கிய சூட்டில் எடுத்தால் பிய்ந்துவிடும், பத்து நிமிஷம் ஆறட்டும். பிறகு வாயகன்ற பாத்திரத்தில் கொட்டி, 4 மேசைக்கரண்டி நல்லெண்ணெயை முதலில் ஊற்றிக் குலுக்குங்கள், அதற்கு மேல் இட்லி மிளகாய்ப் பொடி. பொடியை முதலில் போட்டால் ஒன்றில் அப்பிக்கொள்ளும், ஒன்றில் ஒட்டவே ஒட்டாது. கரண்டி போடாமல் பாத்திரத்தோடு தூக்கிக் குலுக்கவேண்டும். ஆறினாலும் ருசி குறையாது, சொல்லப்போனால் எண்ணெய் ஊறி இன்னும் நன்றாக இருக்கும். மாமியாருக்கு மட்டும் பருப்புப் பொடியும் நெய்யும். பல்குத்தும் குச்சி செருகிவைத்தால் பெரியவர்களுக்குச் சௌகரியம், குழந்தைகளுக்கு ஸ்பூன் கொடுங்கள்.

சுண்டலைப் பற்றி நான் சொல்ல என்ன இருக்கிறது? அரை கிலோ கொண்டைக்கடலை 22 பேருக்குச் சின்னக் கிண்ணத்தில் ஒவ்வொரு கை வரும். ராத்திரி ஊறப்போட மறந்துவிட்டால் கொதிக்கிற தண்ணீரை ஹாட்பேக்கில் ஊற்றிக் கடலையைப் போட்டு இரண்டு மணி நேரம் மூடிவையுங்கள், ஓரளவு சமாளித்துவிடலாம். தை மாதத்தில் கடலைக்குப் பதில் பச்சை மொச்சை போட்டால் இன்னும் விசேஷம். மொச்சை உரிக்கிற வேலையைக் காலையிலேயே ஹாலுக்கு அனுப்பிவிடுங்கள், அங்கே அரட்டை நடக்கும்போது தானாக முடியும்.

சூடாக ஒன்று என்றேனே, அது மசால்வடை. பஜ்ஜியை விரட்டிவிட்டு இதை மட்டும் ஏன் வைத்திருக்கிறேன் என்றால், இதை இரண்டு தடவையாகச் சுடலாம். அரை கிலோ கடலைப்பருப்பை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடிகட்டியில் கால் மணி நேரம் போட்டுத் தண்ணீரைச் சுத்தமாக வடியுங்கள். ஒரு கைப்பிடிப் பருப்பைத் தனியாக எடுத்துவைத்துவிட்டு மீதியை 6 காய்ந்த மிளகாய், ஒரு ஸ்பூன் சோம்பு, 5 பல் பூண்டோடு கொரகொரப்பாக அரைக்கவேண்டும், தண்ணீர் கூடாது. முழுப் பருப்பைக் கலந்து, கால் கிலோ வெங்காயம், கறிவேப்பிலை, உப்பு. வெங்காயத்தையும் உப்பையும் எண்ணெய் காய்ந்த பிறகு சேர்ப்பதுதான் சரி, முன்னாலேயே போட்டால் தண்ணீர் விட்டு மாவு தளர்ந்துவிடும். தளர்ந்தே போனால் ஒரு கரண்டி அரிசி மாவு.

வடையைச் சின்னதாகத் தட்டுங்கள், 45 வரை வரும். மூன்றரை மணிக்கு, கூட்டம் தூங்கும்போதே, முக்கால் வேக்காட்டில், வெளிர் மஞ்சளாக இருக்கும்போதே எல்லாவற்றையும் எடுத்துப் பரப்பி ஆறவைத்துவிடுவேன். ஐந்தே முக்காலுக்கு எண்ணெயை நன்றாகக் காயவைத்து, பத்துப் பன்னிரண்டாக அள்ளிப் போட்டுப் பொன்னிறமானதும் எடுக்கவேண்டியதுதான். முன்பே வெந்ததால் ஒட்டாது, உடையாது. பத்தே நிமிஷத்தில் 45 வடையும் சூடாக ஹாலுக்குப் போய்விடும், இரண்டாவது சூட்டில் மொறுமொறுப்பும் கூடும். அடுப்பை அணைத்துவிட்டு சுக்குக் காப்பி ஃபிளாஸ்க்கோடு நானும் போய்விடுவேன். சுக்கு, மல்லி, கருப்பட்டி மூன்றையும் காலையிலேயே கொதிக்கவைத்து வடிகட்டி ஊற்றியாயிற்று.

இது போதாது என்று தோன்றும். தோன்றத்தான் செய்யும், விருந்து வைக்கிறவர்களுக்கு எப்போதுமே அப்படித்தான். கூடுதலாக வேண்டுமென்றால் சாத்தூர்ச் சேவு ஒரு கிலோ, கோவில்பட்டிக் கடலை மிட்டாய் இரண்டு பாக்கெட் வாங்கி ஓரமாக வையுங்கள். இன்னொரு பண்டம் செய்யப் போகாதீர்கள், ராத்திரி சாப்பாடு மிஞ்சும். கரும்பு வாசலில் சாய்ந்து கிடக்கிறது, ஆண்பிள்ளைகள் யாராவது கணுக்கணுவாக வெட்டி முற்றத்தில் வைக்கட்டும். சக்கையும் முற்றத்தோடு போகும்.

போன பொங்கலுக்கு டைரியில் எழுதியது இது: தலை 22. தட்டுவடை 100, மிச்சம் உடைசல் மட்டும். இட்லி 108, மிச்சம் இல்லை. வடை 45, மிச்சம் 3. கிழங்கு ஒரு கட்டு, மிச்சம் 6. சுண்டல் கால்வாசி மிச்சம், அடுத்த தடவை 400 கிராம் போதும். துவரங்காய் 2 கிலோ, ஆறரைக்கே தீர்ந்தது. தங்கை கடைசி பஸ்ஸை விட்டுவிட்டாள், ராத்திரி இங்கேயே படுத்தாள். துவரங்காய் 3 கிலோ வாங்கவும்.