பழைய ஷெவர்லே டிரக்குக்கு ஹெடர் தேடிய அனுபவம்
1972 ஷெவர்லே சி10 டிரக்கில், 2004 சில்வராடோவின் 5.3 லிட்டர் வி8 இன்ஜினை இறக்கினேன். அதோடு வந்த, இன்ஜின் புகையைச் சேர்த்து வெளியேற்றும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டின் வாய் இடப்பக்கச் சட்டத்தில் இடித்தது. ஸ்டீயரிங் பெட்டியும் அங்கேதான் இருக்கிறது. அதனால் மேனிஃபோல்டுக்குப் பதில் ஹெடர் தேடினேன்; ஒவ்வொரு சிலிண்டரின் புகையையும் தனிக் குழாயில் எடுத்து ஒன்றுசேர்க்கும் அமைப்பு அது.

நீளக் குழாய் ஹெடர் இன்ஜின் வேகமாகச் சுழலும்போது கூடுதல் திறன் தரும். சுமை ஏற்றும் வண்டிக்குத் தரையில் உரசும் குழாய் எதற்கு? செராமிக் பூச்சிட்ட குட்டை ஹெடரே எடுத்தேன். போல்ட்டுகளை இறுக்குமுன் ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுதாகத் திருப்பினேன். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்ற இடமிருக்கிறதா என்றும் பார்த்தேன். பிளக் ஒயர் குழாயைத் தொட்டால் உருகிவிடும்.

புகையில் எவ்வளவு ஆக்ஸிஜன் இருக்கிறது என்று அளக்கும் ஆக்ஸிஜன் சென்சாரைக் குழாய்கள் ஒன்றுசேரும் இடத்தை ஒட்டியே பொருத்தினேன். இன்ஜினுக்கும் சென்சாருக்கும் இடையில் கசிவு இருந்தால் வெளிக்காற்று நுழையும்; சென்சார் ஆக்ஸிஜனைக் கூடுதலாகக் காட்டும். பெட்ரோல் போதவில்லை என்று எண்ணி, இன்ஜின் கணினி மேலும் ஊற்றிக்கொண்டே இருக்கும்.