வாசகசாலை மேடையில ஒரு சோவியத் யூத வீடு போடுறது எப்படி

நம்ம கன்னியாகுமரி பக்கம் வாசகசாலை ஆண்டு விழாவுக்கு நாடகம் போடுத பிள்ளைகளுக்காக எழுதுதேன். மாஸ்கோவுல ஒரு யூதக் குடும்பம், ஜெபக்கூடம் பக்கமே போகாதவங்கன்னு வச்சுக்கிடுங்க.

முதல்ல வருஷத்த முடிவு பண்ணுங்க. 1927ன்னா ஞாயிறு லீவு, யூதருக்கு ஓய்வுநாள் சனி, ஆனா அப்பா சனிக்கிழமையும் வேலைக்கு போயிருவாரு. 1930ன்னா ஞாயிறும் கெடையாது, 1929ல கொண்டுவந்த முறைப்படி அஞ்சு நாளைக்கு ஒரு லீவு, அதுவும் ஆளுக்கொரு நாள், அப்பா வீட்ல இருக்கும்போது அம்மா வேலையில, ரொட்டிக்கு ரேஷன் கார்டு வேற. நான் 1930அத்தான் எடுப்பேன், புருஷன் பொண்டாட்டி உக்காந்து பேச ஒரு நாள் இல்லாததே பெரிய சீன்.

தனி வீடு போட்டுராதீங்க. ஒரு பெரிய வீட்ல அறைக்கு ஒரு குடும்பம், அடுக்களை எல்லாருக்கும் பொது, ஆனா ஸ்டவ் அவங்கவங்களுக்கு தனி. பிரைமஸ்தான், நம்ம பழைய பம்ப் ஸ்டவ். பரண்ல கெடந்தா நாலஞ்சு தேச்சு வைங்க, மேடையில பத்த வைக்காதீங்க, அந்த இரைச்சல மட்டும் போன்ல ரெக்கார்ட் பண்ணி ஓட்டுங்க. வாசல் மணி ஒரு தடவ அடிச்சா ஒரு குடும்பம், ரெண்டு தடவன்னா அடுத்த குடும்பம், மணி கேட்டதும் எல்லாரும் கைய நிறுத்தி எண்ணணும், ரிகர்சல்ல இத நல்லா பாருங்க.

மேசையில ஏழு கொம்பு விளக்கு வைக்காதீங்க, அது யூத மதத்தோட அடையாளம், இவங்க வீட்ல அது பொருந்தாது. அதுக்கு பதிலா எபிரேய எழுத்துல அச்சடிச்ச இத்திஷ் பேப்பர் (இத்திஷ்னா அந்தப் பக்கத்து யூதர் வீட்ல பேசுன பாஷை), 'டெர் எமெஸ்', மாஸ்கோவுல வந்ததுதான். மகளுக்கு நினெல்னு பேர் வைங்க, லெனின திருப்பி எழுதின பேரு, அப்ப நெசமாவே வச்சாங்க.

சாமி கும்பிடாத வீட்லயும் இங்க ஓணத்துக்கு அவியல் வைக்கதில்லையா, அது மாதிரி அங்க ஆச்சி மீன் செய்வா. கெண்டை மீன் கெடைச்ச அன்னைக்கு முள்ளெடுத்து, வெங்காயம் முட்டை போட்டு கொத்தி, உருட்டி வேகவைக்கது. தேங்கா புளி எதுவும் சேராது.

பாஷைக்கு நான் கண்ட வழி, ஆச்சி வேஷத்துக்கு விளவங்கோடு பக்கத்து ஆளா பாத்து மலையாளம் கலந்த பேச்சுலயே பேச விடுங்க, அதுதான் இத்திஷ். நினெல் மட்டும் பாடப்புத்தகத் தமிழ், அது ரஷ்யன். ஆச்சி கேப்பா, பேத்தி அந்த பாஷையில பதில் சொல்லவே மாட்டா.