சிரட்டையில் வளரும் கொசுவைச் சாக்கடையில் தேடுகிறோம்

டெங்கு பரவுகிறது என்று செய்தி வந்ததும் நம் குமரி மாவட்டத்தில் முதலில் நடப்பது, ஓடையைத் தூர்வாரச் சொல்லி பஞ்சாயத்தில் மனு கொடுப்பதுதான். ஓடை சுத்தமாக இருக்க வேண்டும், அதில் மறுப்பில்லை. ஆனால் அங்கே வளர்வது பெரும்பாலும் கியூலெக்ஸ். ராத்திரி காதருகே பாடுவதும் யானைக்கால் நோயைப் பரப்புவதும் அந்தக் கொசு. டெங்கு, சிக்குன்குனியா, ஜிகா மூன்றையும் சுமக்கும் ஏடிஸுக்குத் தெளிந்த, அசையாத, நிழல் விழுகிற தண்ணீர் வேண்டும். அது பெரும்பாலும் நம் வீட்டு எல்லைக்குள்ளேயே இருக்கிறது. ஏடிஸ் கடிப்பதும் பகலில்தான், குறிப்பாகக் காலையிலும் சாயங்காலத்திலும். ராத்திரி மட்டும் கொசுவலை கட்டிவிட்டு, மத்தியானம் தூங்கும் குழந்தையைச் சும்மா படுக்கவைப்பது இதே தவறின் இன்னொரு முகம்.

ஏடிஸில் நமக்கு இரண்டு வகை முக்கியம். எஜிப்டி வீட்டோடு ஒட்டி வாழும்: சிமெண்ட் தொட்டி, ஃபிரிட்ஜின் பின்னால் தண்ணீர் சேரும் தட்டு, மணிபிளாண்ட் பாட்டில். அல்போபிக்டஸ் தோட்டத்துக்காரன். குலசேகரம், அருமனை, திருவட்டாறு பக்கம் இருப்பவர்கள் இந்த இரண்டாவது ஆளைத்தான் கவனிக்க வேண்டும்.

ஒரு ரப்பர் விளையில் ஏக்கருக்குச் சுமார் 180, 200 மரம் நிற்கும். ஒவ்வொரு மரத்திலும் கம்பியில் ஒரு சிரட்டை, இப்போது நிறைய இடங்களில் பிளாஸ்டிக் கப். பால்வெட்டு நடக்கும்வரை பிரச்சினை குறைவு. பால் இறங்கும், அன்றைக்கே எடுத்துவிடுவார்கள். மழை பிடித்து வெட்டு நின்றதும்தான் வம்பு. கப் நிமிர்ந்தபடியே கிடக்கும். மழைத்தண்ணீர் விழும், மேலே மர நிழல், உள்ளே பால் பிசிறும் உதிர்ந்த இலைத் துணுக்கும். கொசுப்புழுவுக்கு வேறென்ன வேண்டும்? ஒரு ஏக்கரில் 200 கொசுத் தொட்டி தயார். தென்மேற்குப் பருவமழை ஒரு முறை, வடகிழக்குப் பருவமழை ஒரு முறை என்று நமக்கு வருஷத்தில் இரண்டு தடவை இந்த வாய்ப்பு வருகிறது. வெட்டு நிற்கிற அன்றே கப்பைக் கம்பியில் கவிழ்த்து வைத்தால் போதும். "மழை விட்டதும் பார்த்துக்கலாம்" என்று விட்டால், வெயில் நாட்களில் முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாவதற்கு ஏழு முதல் பத்து நாள்தான் ஆகும். மரத்தைச் சுற்றிக் கட்டும் பிளாஸ்டிக் மழை மறைப்பின் மடிப்பிலும் தண்ணீர் தேங்கும். அதையும் பார்க்க வேண்டும்.

அல்போபிக்டஸைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 2005-06-ல் இந்தியப் பெருங்கடலிலுள்ள ரியூனியன் தீவில் சிக்குன்குனியா பெரிதாகப் பரவியபோது, வைரஸின் மேலுறையிலுள்ள ஈ1 புரதத்தில் 226-ஆவது இடத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். அலனின் இருந்த இடத்தில் வேலின். அந்தச் சின்ன மாற்றத்தால் வைரஸ் அல்போபிக்டஸின் உடம்பில் முன்பைவிட மிக எளிதாகப் பெருகியது. 2007-ல் கேரளத்தில் பரவிய வைரஸிலும் அதே மாற்றம் இருந்தது. ரப்பர் தோட்டங்களுக்கு மாநில எல்லை தெரியாது.

தண்ணீரைக் கொட்டினால் முடிந்தது என்று நினைப்பது

ஏடிஸ் முட்டையிடுவது தண்ணீருக்குள் இல்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் ஈரமான உள்சுவரில். கருப்பாக, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான முட்டைகள். சட்டென்று பார்த்தால் அழுக்கு என்று தோன்றும். தண்ணீரைக் கொட்டிய பிறகும் அவை ஒட்டிக்கொண்டே இருக்கும், காய்ந்த நிலையில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும், அடுத்த தடவை தண்ணீர் நிரம்பியதும் பொரியும். ஆகவே வாரம் ஒரு முறை தொட்டியைக் காலி செய்யும்போது தேங்காய் நாரை எடுத்து உள்சுவரை அழுத்தித் தேய்க்க வேண்டும். கவிழ்த்துவிட்டு வருவது பாதி வேலை.

ஆய்வாளர்கள் இதே குணத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். கருப்பு டப்பாவில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, உள்ளே ஒரு சொரசொரப்பான காகிதப் பட்டையை நிறுத்தி வைப்பார்கள். கொசு அதில் முட்டையிடும். எண்ணிப் பார்த்தால் அந்தத் தெருவில் ஏடிஸ் நடமாட்டம் தெரிந்துவிடும். கொசு உலகம் சுற்றியதும் இப்படித்தான். பழைய டயர்களில் ஒட்டியிருந்த முட்டைகளோடு அல்போபிக்டஸ் கப்பலேறி, 1985-ல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் குடியேறியது கண்டுபிடிக்கப்பட்டது. படகு இடிபடாமல் இருக்க டயர் கட்டும் குளச்சலும் தேங்காய்ப்பட்டணமும் இதைக் கேட்டுவைத்துக்கொள்வது நல்லது. "கடல்பக்கம் உப்புத் தண்ணி, இங்கே ஏடிஸ் வராது" என்ற நம்பிக்கையும் வேண்டாம். எதிர்க்கரையில், இலங்கையில் நடந்து 2011-ல் வெளியான ஆய்வில், கரையோர உவர்நீரிலேயே ஏடிஸ் புழுக்கள் வளர்ந்தது தெரியவந்தது.

புகை அடித்தாயிற்று

புகை மருந்து பறக்கும் கொசுவைத்தான் கொல்லும். புழுவையோ முட்டையையோ தொடாது. அதிலும் எஜிப்டி கட்டிலுக்கு அடியிலும் துணி தொங்கும் கொக்கியிலும் இருக்கும். நாம் புகை வண்டிச் சத்தம் கேட்டதும் கதவைச் சாத்திவிடுவோம். தெருவுக்குத்தான் வைத்தியம் நடக்கிறது. அதைவிட வீடு வீடாக வந்து தொட்டி பார்க்கும் கொசு ஒழிப்புப் பணியாளர்களின் வேலைதான் பலன் தரும். ஆனால் அவர்கள் தொட்டியில் விட்ட அபேட் என்ற புழுக்கொல்லி மருந்து நாறுகிறது என்று, அவர்கள் தெரு தாண்டியதும் தண்ணீரை மாற்றுகிறோம். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் அளவுக்குள் குடிநீரிலேயே பயன்படுத்த உலகச் சுகாதார நிறுவனம் அனுமதித்த மருந்து அது.

காய்ச்சல் வந்த பிறகு

இங்கே செய்யும் தவறுகள்தான் உயிரோடு விளையாடுபவை. முதலாவது, மருந்துக்கடையில் கேட்டு உடம்புவலி மாத்திரை வாங்குவது. ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் எதுவும் டெங்குவில் கூடாது, ரத்தக்கசிவை அதிகமாக்கும். பாராசிட்டமால் மட்டும், அதுவும் மருத்துவர் சொன்ன அளவில்.

அடுத்தது, டெஸ்ட் எடுக்கும் நாள். ரத்தத்தில் வைரஸின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 பரிசோதனை முதல் ஐந்து நாளுக்குள் நன்றாகக் காட்டும். அதற்குப் பிறகு, உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் புரதமான ஐஜிஎம் பார்க்க வேண்டும். ஆறாம் நாள் என்எஸ்1 எடுத்து "இல்லை" என்று வந்தால் டெங்கு இல்லை என்று அர்த்தமில்லை.

மூன்றாவதுதான் பெரியது: காய்ச்சல் விட்டதும் சரியாகிவிட்டது என்று நினைப்பது. டெங்குவில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் தொடங்குகிறது. ரத்தக் குழாயிலிருந்து நீர்ப்பகுதி கசிந்து வெளியேறும், ரத்தம் கெட்டியாகும், அழுத்தம் விழும். விடாத வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறில் ரத்தம், கைகால் சில்லிடுதல், மூத்திரம் குறைதல், பிள்ளை சோர்ந்து போவது அல்லது அமைதியில்லாமல் புரள்வது, இதில் எது தெரிந்தாலும் உடனே ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பக்கத்து அரசு மருத்துவமனைக்கோ போய்விட வேண்டும்.

நாமோ பிளேட்லெட் எண்ணிக்கையை மட்டும் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி விசாரித்துக்கொண்டிருப்போம். மருத்துவர் அதோடு பி.சி.வி. என்று ரிப்போர்ட்டில் இருக்கும் இன்னொரு எண்ணையும், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கையும், பார்ப்பார். பிளேட்லெட் விழும்போது அது ஏறினால் நீர் கசிகிறது என்று பொருள். ரத்தக்கசிவு இல்லாதவருக்கு எண்ணிக்கை குறைந்ததற்காக மட்டும் பிளேட்லெட் ஏற்றச் சொல்லி டாக்டரிடம் சண்டை பிடிப்பதில் பயனில்லை. பப்பாளி இலைச் சாறும் நிலவேம்புக் கசாயமும் குடிப்பவர்கள் குடிக்கட்டும். அதை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போடக் கூடாது.

"எனக்கு ஏற்கெனவே வந்துவிட்டது, இனி வராது" என்பதும் தப்பு. டெங்கு வைரஸில் நான்கு வகை. ஒன்று வந்தால் அந்த வகைக்கு மட்டும்தான் நீண்ட காலப் பாதுகாப்பு. வேறு வகை வரும்போது பழைய எதிர்ப்புப் புரதங்களே வைரஸைச் செல்லுக்குள் ஏற்றிவிட்டு நோயைக் கடுமையாக்கலாம். 1960-களில் பாங்காக் குழந்தைகளிடம் மருத்துவ ஆய்வாளர் ஸ்காட் ஹால்ஸ்டெட் கவனித்தது இதைத்தான். தடுப்பூசி தாமதமாவதற்கும் இது ஒரு பெரிய காரணம். பிலிப்பைன்ஸில் 2016-ல் பள்ளிப் பிள்ளைகளுக்கு டெங்வாக்ஸியா என்ற டெங்கு தடுப்பூசி போட்டார்கள். முன்பு டெங்கு வராத பிள்ளைகளுக்குப் பின்னால் நோய் வந்தால் கடுமையாகலாம் என்று 2017-ல் தயாரிப்பாளரே அறிவித்தார். நான்கு வகைக்கும் எதிராக நம் நாட்டில் உருவான டெங்கிஆல் தடுப்பூசியின் மூன்றாம் கட்டச் சோதனை 2024 ஆகஸ்டில் தொடங்கியது.

ஜிகாவைப் பற்றி ஒரு வார்த்தை. 2021 ஜூலையில் கேரளத்தில் முதன்முதலாக அது உறுதியானது திருவனந்தபுரம் மாவட்டத்தில். களியக்காவிளை தாண்டினால் அந்த மாவட்டம்தான். சோதனைச்சாவடியில் காய்ச்சல் பார்த்துத் தடுத்துவிடலாம் என்று நினைக்க முடியாது, தொற்றியவர்களில் பெரும்பாலானோருக்கு அறிகுறியே இருக்காது. கருவிலுள்ள குழந்தையை ஜிகா பாதிக்கலாம் என்பதால், கர்ப்பிணி இருக்கும் வீட்டில் பகல் கொசுவை வழக்கத்தைவிடக் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும்.

கடைசியாக, "விஞ்ஞானிகளே கொசுவை விடுகிறார்களாம்" என்று வாட்ஸ்அப்பில் வரும் பீதி. வோல்பாக்கியா என்பது பல பூச்சிகளில் இயற்கையாகவே வாழும் பாக்டீரியா. அதை எஜிப்டிக்குள் புகுத்தினால் டெங்கு வைரஸ் கொசுவுக்குள் சரியாகப் பெருகாது. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் இப்படிக் கொசுக்களை விட்ட பகுதிகளில் டெங்கு 77 விழுக்காடு குறைந்ததாக 2021-ல் முடிவு வெளியானது. புதுச்சேரியிலுள்ள ஐசிஎம்ஆர் நோய்க்கடத்தி ஆய்வு மையமும் வோல்பாக்கியா ஏற்றிய கொசு வகைகளை உருவாக்கியிருக்கிறது. சோதனைச்சாலையில் இதைச் சரிபார்க்கும் முறை விசித்திரமானது: கொசுவின் காலையும் சிறகையும் எடுத்துவிட்டு, அதன் ஊசி வாயை நுண்ணிய கண்ணாடிக் குழாயில் நுழைத்து எச்சிலை வாங்குவார்கள். அந்த எச்சிலில் வைரஸ் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. நோயாளியின் ரத்தம் குடித்த ஏடிஸின் எச்சிலுக்கு வைரஸ் வந்துசேர எட்டு முதல் பன்னிரண்டு நாள் ஆகும். ஆகவே டெங்கு வந்தவரை முதல் ஐந்து நாள் பகலிலும் கொசுவலைக்குள் படுக்கவைத்தால், வீட்டிலுள்ள கொசுவுக்கு அந்த முதல் வாய் ரத்தமே கிடைக்காது.